வீடும் முதலாளியின் வீடு: 1934 நெசவாலை வேலைநிறுத்தமும் அறுபது வருஷ மௌனமும்

சில கிழமைகளுக்கு முன்னர் எங்கள் வாசிப்பு வட்டத்தில் ஓர் ஆவணப்படம் பார்த்தோம். ‘த அப்ரைசிங் ஒஃப் தேர்ட்டி ஃபோர்’ என்பது பெயர். ஜோர்ஜ் ஸ்டோனி, ஜூடித் ஹெல்ஃபண்ட் ஆகியோரின் படம். 1995 இல் வெளிவந்தது. அமெரிக்காவின் தெற்கு மாநிலங்களில் 1934 செப்டெம்பரில் நடந்த நெசவாலை வேலைநிறுத்தத்தைப் பற்றியது. அந்த நேரம் ஆலைகளில் வேலை செய்து, இப்போது கிழவர் கிழவிகளாகிவிட்ட ஆட்கள் படத்தில் கதைக்கிறார்கள். சிலர் தயங்கித் தயங்கிக் கதைக்கிறார்கள். பிள்ளைகள் சிலருக்குத் தங்கள் தகப்பனோ தாயோ அந்த வேலைநிறுத்தத்தில் இருந்ததே அதுவரை தெரியாது.

படம் முடிந்ததும் எங்களில் ஒருவன் சொன்னான்: “எங்கட அப்பப்பாவும் உப்பிடித்தான். எண்பதாம் ஆண்டு வேலை போனது எண்டு மட்டும் தெரியும். ஏன் போனது எண்டு வீட்டில ஒருத்தரும் கதைக்கிறேல்ல.”

இந்தக் கட்டுரையை எழுத வேண்டும் என்று நாங்கள் முடிவெடுத்தது அந்தப் பேச்சுக்குப் பிறகுதான். ஒரு வேலைநிறுத்தம் தோற்றால் சம்பளம் போகும், வேலை போகும் என்று எல்லோருக்கும் தெரியும். அது நடந்தது என்ற நினைவும் சேர்ந்து போகலாம் என்பதை நாங்கள் யோசித்திருக்கவில்லை. அமெரிக்கத் தெற்கில் அது எப்படிப் போனது, பிறகு எப்படித் திரும்பி வந்தது என்பதைத்தான் இங்கே சொல்லப் பார்க்கிறோம்.

வயலிலிருந்து ஆலைக்கு

அப்பலாச்சியன் மலைகளுக்கும் கிழக்குக் கரையோரச் சமவெளிக்கும் இடையில் இருக்கும் மேட்டுநிலத்தைப் பீட்மொண்ட் என்பார்கள். அதன் தெற்குப் பகுதி வேர்ஜீனியா, வட கரோலினா, தென் கரோலினா, ஜோர்ஜியா வழியாக அலபாமா வரை நீள்கிறது. உள்நாட்டுப் போருக்குப் பிறகு, 1880 களிலிருந்து, அங்கே ஆற்றோரங்களிலும் ரயில் பாதையோரங்களிலும் பருத்தி நூற்பாலைகளும் நெசவாலைகளும் முளைத்தன. பருத்தி பக்கத்திலேயே விளைந்தது. ஆறு சக்தி தந்தது. எல்லாவற்றையும் விட, கூலி மலிவாகக் கிடைத்தது. 1920 களில் அமெரிக்கப் பருத்தித் துணித் தொழிலின் மையமே வடக்கின் நியூ இங்கிலாந்திலிருந்து தெற்குக்கு நகர்ந்துவிட்டது.

மலிவான கூலியாட்கள் வயலிலிருந்து வந்தவர்கள். சொந்த நிலம் இல்லாமல் குத்தகைக்கும் வாரத்துக்கும் பயிர் செய்த வெள்ளையினக் குடும்பங்கள் அவை. விதைக்கும் உரத்துக்கும் கடைக்காரனிடம் கடன். அறுவடை வந்ததும் பருத்தி முழுக்க அந்தக் கடனுக்கே போய்விடும். பருத்தி விலை விழுந்த வருஷங்களில் கடன் அடுத்த வருஷத்துக்கும் தொடரும். அப்படியிருந்த குடும்பங்களுக்கு ஆலைச் சம்பளம் என்பது கையில் காசைப் பார்க்கிற முதல் வாய்ப்பு.

ஆலைகள் நகரத்தில் அல்ல, பெரும்பாலும் நாட்டுப்புறத்தில் இருந்தன. ஆகவே தொழிலாளரை வைத்துக்கொள்ள முதலாளிகளே வீடுகளைக் கட்டினார்கள். கடை, பள்ளிக்கூடம், தேவாலயம் எல்லாம் கூடவே வந்தன. இதற்குப் பெயர்தான் ஆலைக் கிராமம். 1900 ஆம் ஆண்டளவில் தெற்கின் நெசவாலைத் தொழிலாளரில் பத்தில் ஒன்பது பேர் இப்படியான கிராமங்களில் இருந்தார்கள். வீட்டு வாடகையை அறைக் கணக்கில் சம்பளத்திலிருந்தே கழித்தார்கள். அறைக்கு ஒருவராவது ஆலையில் வேலை செய்ய வேண்டும் என்பது பல இடங்களில் எழுதாத சட்டம். நாலு அறை வீடு வேண்டுமென்றால் நாலு பேர் வேலைக்கு. அந்த நாலு பேரில் இரண்டு பேர் பிள்ளைகளாக இருப்பார்கள்.

பிள்ளைகள் வேலை பழகின விதமும் அப்படித்தான். மத்தியானச் சாப்பாடு கொண்டுபோய்க் கொடுத்துவிட்டு, தாய்க்கோ அக்காவுக்கோ கொஞ்ச நேரம் உதவி செய்துவிட்டு வருவார்கள். கொஞ்ச நாளில் அந்தக் கைகளுக்கு வேலை பழகிவிடும். பிறகு கூட்டுகிற பெடியன், நிரம்பிய நூற்கட்டையைக் கழற்றி வெறுங்கட்டையைப் போடுகிற பெடியன், அறுந்த நூலை முடிகிற பெட்டை. லூயிஸ் ஹைன் 1908 முதல் எடுத்த படங்களில் இயந்திரத்துக்கு எட்டாமல் அதன் மேல் ஏறி நிற்கும் பிள்ளைகளைப் பார்க்கலாம். சிறுவர் உழைப்பைக் கட்டுப்படுத்த 1916 இல் நடுவண் அரசு ஒரு சட்டம் போட்டது. வட கரோலினாவின் ஷார்லட்டில் தன் இரண்டு மகன்களோடு ஆலையில் வேலை செய்த ஒரு தகப்பனின் பெயரால் வழக்குப் போடப்பட்டது. 1918 இல் உச்ச நீதிமன்றம் அந்தச் சட்டத்தையே தூக்கியெறிந்தது.

ஒரே வாயில் இரண்டு கதை

1970 களின் கடைசியிலும் 80 களின் தொடக்கத்திலும் வட கரோலினாப் பல்கலைக்கழகத்தின் வாய்மொழி வரலாற்றுத் திட்டத்தைச் சேர்ந்தவர்கள், ஓய்வுபெற்ற ஆலைத் தொழிலாளரைத் தேடிப்போய் நூற்றுக்கணக்கான நேர்காணல்களைப் பதிவு செய்தார்கள். அவற்றை வைத்து ஜாக்குலின் டௌட் ஹோலும் இன்னும் ஐந்து பேரும் எழுதிய நூல் 1987 இல் வெளிவந்தது. அதன் தலைப்பு ‘ஒரு குடும்பம் போல’ என்று பொருள்படும். தொழிலாளர் தங்கள் ஊரைப் பற்றித் தாங்களே திரும்பத் திரும்பச் சொன்ன வார்த்தை அது.

அவர்கள் நினைவில் வைத்திருந்தது என்ன? விடிய முன்னம் ஊதும் ஆலை விசில். பத்துப் பன்னிரண்டு மணித்தியால வேலை. கதைக்க முடியாத இரைச்சலுக்குள் உதடசைவைப் பார்த்தே கதை விளங்கிக்கொண்டது. தலைமயிரிலும் இமையிலும் ஒட்டியிருக்கும் பஞ்சு. அதை வைத்தே ரவுன் ஆட்கள் ‘பஞ்சுத்தலையர்’ என்று கேலி செய்தது. வீட்டுக்குப் பின்னால் மரக்கறித் தோட்டம், பன்றிக்கூடு, ஒரு மாடு. ஒருவர் பன்றி அடித்தால் அயலுக்கெல்லாம் பங்கு போகும். ஒரு வீட்டில் காய்ச்சல் என்றால் மற்ற வீட்டிலிருந்து சாப்பாடு வரும். சனிக்கிழமைகளில் ஃபிடிலும் பாஞ்சோவும். ஆலைக்கு ஆலை பேஸ்போல் போட்டி.

இதைக் கேட்டால் ‘அந்தக் காலம் சொர்க்கம்’ என்று தோன்றும். ஆனால் அதே ஆட்கள், அதே நேர்காணலில், இன்னொன்றையும் சொன்னார்கள். முதலாளி சொன்னதுதான் சட்டம். குடித்தால் வீடு போகும். கல்யாணம் ஆகாமல் ஒரு பெண் கர்ப்பமானால் முழுக் குடும்பமும் வெளியேற வேண்டிவரலாம். தேவாலயத்துக்கு ஆலை காசு கொடுத்தது. ஆகவே போதகர் ஆலைக்கு எதிராகப் பிரசங்கம் வைக்கமாட்டார்.

இந்த இரண்டு கதைகளில் எது உண்மை என்று எங்களுக்குள் நல்ல வாதம் நடந்தது. இரண்டும் உண்மை என்றுதான் கடைசியில் விளங்கிக்கொண்டோம். ‘குடும்பம்’ என்று அவர்கள் சொன்னது முதலாளியைத் தகப்பனாக வைத்து அல்ல. பக்கத்து வீட்டாரை வைத்து. முதலாளியும் அதே வார்த்தையைத்தான் பாவித்தார். ஆனால் அவர் கருதியது வேறு குடும்பம்.

அந்தக் குடும்பத்துக்குள் யார் இல்லை என்பதையும் சொல்ல வேண்டும். கறுப்பினத்தவருக்கு நூற்பு, நெசவு வேலைகள் கிடையாது. ஆண்களுக்குப் பருத்திப் பொதி உடைப்பது, முற்றத்தில் சுமை தூக்குவது போன்ற வேலைகள்தான். தென் கரோலினாவில் 1915 இல் வந்த ஒரு சட்டம், நெசவாலைகளில் வெள்ளையரும் கறுப்பரும் ஒரே அறையில் வேலை செய்வதையே தடை செய்தது. ஆலைக்குப் போகும் வெள்ளைத் தாய்மாரின் பிள்ளைகளைப் பார்த்துக்கொண்டதும் சமைத்ததும் பல இடங்களில் கறுப்பினப் பெண்கள். அந்தக் குறைந்த சம்பளத்திலிருந்து அதைவிடக் குறைந்த கூலி அவர்களுக்கு. 1964 இன் சிவில் உரிமைச் சட்டத்துக்குப் பிறகுதான் ஆலைக் கதவு அவர்களுக்கு உண்மையில் திறந்தது.

எங்கள் வட்டத்தில் மலையகத்திலிருந்து வந்தவர்களுக்கு இந்த வீட்டுக் கதையை விளக்கவே தேவையிருக்கவில்லை. “லயம்தானே” என்று ஒருத்தி சொன்னாள். வேலை கொடுப்பவனும் வீடு கொடுப்பவனும் ஒருவனே என்கிற இடத்தில் ஒத்துப்போகிறது. ஆனால் ஆலைக்காரர் தங்கள் நாட்டின் பிரஜைகள். பிடிக்காவிட்டால் மூட்டையைக் கட்டிக்கொண்டு அடுத்த ஆலைக்குப் போனார்கள், அடிக்கடி போனார்கள். தோட்டத்து மக்களுக்கு 1948 இன் பிரஜாவுரிமைச் சட்டம் எதைச் செய்தது என்று நாங்கள் இங்கே எழுதத் தேவையில்லை. ஒப்பிடும்போது இந்த வித்தியாசத்தை மறக்கக்கூடாது.

இழுத்து நீட்டிய வேலை

1920 களில் துணி விலை விழுந்தது. முதலாளிகள் புது இயந்திரங்களையும் நிறுத்தற்கடிகாரம் பிடித்த நிபுணர்களையும் கொண்டு வந்தார்கள். ஒருவர் பார்த்த தறிகளின் எண்ணிக்கையைக் கூட்டினார்கள். சம்பளம் கூடவில்லை, சில இடங்களில் குறைந்தது. தொழிலாளர் இதற்கு வைத்த பெயர் ‘ஸ்ட்ரெச் அவுட்’. அதாவது ஒரே ஆளை இழுத்து நீட்டுவது. மலசலகூடத்துக்குப் போய்வரக்கூட நேரம் இல்லை, முன்பு பக்கத்துத் தறிக்காரிக்கு உதவி செய்ய ஐந்து நிமிஷம் கிடைக்கும், அதுவும் போனது என்பது பல நினைவுகளில் வருகிறது. எங்களுக்கு இது முக்கியமாகப் பட்டது. அவர்கள் கோபப்பட்டது காசுக்காக மட்டும் அல்ல. தங்களுக்குள் இருந்த அந்தக் ‘குடும்பத்தை’ இயந்திரத்தின் வேகம் உடைக்கிறது என்பதற்காகவும்தான்.

1929 இல் வெடித்தது. மார்ச்சில் டென்னசியின் எலிசபெத்டனில் ரேயோன் ஆலையில் இளம் பெண்கள் தொடங்கினார்கள். ஏப்ரலில் வட கரோலினாவின் காஸ்டோனியாவில் லோரே ஆலை. அங்கே சுமார் 3,500 பேர் செய்த வேலையைச் சுமார் 2,200 பேரிடம் வாங்கிக்கொண்டிருந்தார்கள். வாரத்துக்கு 20 டொலர் குறைந்தபட்சச் சம்பளம், 40 மணித்தியால வாரம், சங்கத்துக்கு அங்கீகாரம் என்பவை கோரிக்கைகள். பதிலாக வந்தது வெளியேற்றம். தட்டுமுட்டுச் சாமான்களைத் தெருவில் போட்டார்கள். குடும்பங்கள் கூடாரங்களில் இருந்து போராடின.

எல்லா மே விகின்ஸ் அந்தப் போராட்டத்தில் வந்தவர். பக்கத்து பெசிமர் சிற்றியில் ஓர் ஆலையில் இரவு வேலை. ஒன்பது பிள்ளைகளில் நாலு பேரை நோய்க்குப் பறிகொடுத்தவர். பிள்ளைகளுக்குக் கக்குவான் வந்தபோது பகல் வேலைக்கு மாற்றும்படி கேட்டதாகவும், மேலாள் மறுத்ததாகவும் அவரே சொல்லியிருக்கிறார். கூட்டங்களில் தானே பாட்டுக் கட்டிப் பாடினார். வெள்ளையர் தெருவில் அல்ல, கறுப்பினத்தவர் வாழ்ந்த பகுதியில் குடியிருந்தார். அவர்களையும் சங்கத்தில் சேர்க்க வேண்டும் என்று நின்றார். 1929 செப்டெம்பர் 14 அன்று, கூட்டத்துக்கு லொறியில் போகும் வழியில் அவரைச் சுட்டுக் கொன்றார்கள். வயது 28. வழக்கு நடந்தது, ஒருவருக்கும் தண்டனை இல்லை. மிஞ்சிய ஐந்து பிள்ளைகளும் அநாதை இல்லத்துக்குப் போனார்கள். அடுத்த மாதம் மேரியன் என்ற ஊரில் வேலைநிறுத்தக்காரர் ஆறு பேர் கொல்லப்பட்டார்கள்.

1934: மூன்று கிழமைகள்

இவ்வளவுக்கும் பிறகு பயந்து ஒடுங்கியிருப்பார்கள் என்றுதான் நாங்கள் நினைத்தோம். அப்படி நடக்கவில்லை. 1933 இல் ரூஸ்வெல்ட் பதவிக்கு வந்ததும் போட்ட தேசிய தொழில் மீட்புச் சட்டம் தொழிலாளருக்குச் சங்கம் அமைக்கும் உரிமை உண்டு என்று சொன்னது. அந்தச் சட்டத்தின் கீழ் முதல் விதிமுறை பருத்தித் துணித் தொழிலுக்கே வந்தது: வாரத்துக்கு 40 மணித்தியாலம், தெற்கில் குறைந்தபட்சம் 12 டொலர், வடக்கில் 13 டொலர், 16 வயதுக்குக் குறைந்தவர்களுக்கு வேலை இல்லை.

காகிதத்தில் நல்லது. ஆனால் அதை மேற்பார்வை செய்தது ஆலை முதலாளிகளின் ஆட்களே. 12 மணித்தியால வேலையை 8 மணித்தியாலத்துக்குள் திணித்தார்கள். புகார் சொன்னவரை வேலையிலிருந்து எடுத்தார்கள். தொழிலாளர் ஜனாதிபதிக்குக் கடிதம் எழுதினார்கள், ஆயிரக்கணக்கில். எழுத்துக்கூட்டி, பென்சிலால், கொப்பித் தாளில் எழுதியவையும் அவற்றில் இருந்தன. சட்டம் இப்படிச் சொல்கிறது, எங்கள் ஆலையில் இப்படி நடக்கிறது, ஒருவரை அனுப்பிப் பாருங்கள். இந்தக் கடிதங்கள் அரச ஆவணக்காப்பகத்தில் இருக்கின்றன. பிறகு வரலாற்றாசிரியர்களுக்குப் பெரிய சான்றாகின.

சங்கத்தில் ஆட்கள் வெள்ளம் போலச் சேர்ந்தார்கள். 1934 கோடையில் உற்பத்தியைக் கால்வாசி குறைக்க முதலாளிகளுக்கு அனுமதி கிடைத்தது; சம்பளமும் அதற்கேற்ப விழுந்தது. ஜூலையில் அலபாமாவில் தொழிலாளர் மேலிடத்தைக் காத்திராமலே வெளியே இறங்கினார்கள். ஒகஸ்டில் நியூயோர்க்கில் கூடிய ஐக்கிய நெசவுத் தொழிலாளர் சங்கம் நாடு தழுவிய வேலைநிறுத்தத்துக்கு முடிவெடுத்தது. செப்டெம்பர் முதலாம் திகதி அது தொடங்கியது. வடக்கே மெயின் மாநிலத்திலிருந்து தெற்கே அலபாமா வரை சுமார் 4 இலட்சம் பேர் இறங்கினார்கள். அமெரிக்கா அதுவரை கண்ட மிகப் பெரிய வேலைநிறுத்தங்களில் இது ஒன்று. தெற்கில் கார்களிலும் லொறிகளிலும் ஏறி ஊர் ஊராகப் போய் ஆலைகளை மூடவைத்தார்கள். ‘பறக்கும் படை’ என்று அதற்குப் பெயர்.

செப்டெம்பர் 6. தென் கரோலினாவின் ஹனி பாத் என்ற சின்ன ஊர். சிக்குவோலா ஆலை வாசலில் காலையில் ஆட்கள் கூடியிருந்தார்கள். ஆலையின் மேலாளரே அந்த ஊரின் மேயர். ஆலைப் பக்கத்திலிருந்து சூடு நடந்தது. ஏழு தொழிலாளர் செத்தார்கள். பலருக்கு முதுகில் சூடு, அதாவது ஓடும்போது விழுந்தது. ஊர்த் தேவாலயங்களில் இடம் கிடைக்காததால் செத்தவீட்டை வெட்டவெளியில் நடத்தினார்கள். சுமார் 10,000 பேர் வந்தார்கள்.

ஜோர்ஜியாவில் ஆளுநர் யூஜின் டல்மட்ஜ் தேர்தல் முடியும் வரை படையை அனுப்பமாட்டேன் என்ற மாதிரி இருந்தார். வாக்கெடுப்பில் வென்றதும் இராணுவச் சட்டம். நூற்றுக்கும் மேற்பட்டோரைப் பிடித்து அட்லாண்டாவுக்குப் பக்கத்தில் ஃபோர்ட் மக்பேர்சனில் முள்ளுக்கம்பிக்குள் அடைத்தார்கள், பெண்கள் உட்பட. முதலாம் உலகப் போரில் ஜெர்மன் கைதிகளை வைத்திருந்த இடம் அது.

மூன்றாம் கிழமை வாஷிங்டனில் ஒரு விசாரணைக் குழு அறிக்கை கொடுத்தது. இனி ஆராய்வோம், புதிதாக ஒரு சபை அமைப்போம் என்பதற்கு மேல் கையில் கிடைக்கும் எதுவும் அதில் இல்லை. ரூஸ்வெல்ட் வேலைக்குத் திரும்பச் சொன்னார். பழிவாங்க வேண்டாம் என்று முதலாளிகளையும் கேட்டுக்கொண்டார். சங்கத் தலைமை அதை வெற்றி என்று அறிவித்து செப்டெம்பர் 22 இல் வேலைநிறுத்தத்தை முடித்தது. தொழிலாளர் வெற்றி ஊர்வலமாக ஆலை வாசலுக்குப் போனார்கள். பல இடங்களில் கதவு திறக்கவில்லை.

மௌனம் எப்படி உண்டானது

இங்கேதான் நாங்கள் சொல்ல வந்த விஷயம் இருக்கிறது. வேலைநிறுத்தத்தில் நின்ற ஆயிரக்கணக்கானோரை ஆலைகள் திரும்ப எடுக்கவில்லை. பெயர்ப் பட்டியல் ஆலைக்கு ஆலை போனது. வேலை இல்லையென்றால் வீடும் இல்லை. குடும்பம் குடும்பமாக வெளியேறினார்கள், ஊர் மாறினார்கள், சிலர் பெயரையே மாற்றிக்கொண்டு வேலை தேடினார்கள்.

வெளியேறாமல் இருந்தவர்களின் நிலையை யோசித்துப் பாருங்கள். பக்கத்து வீட்டில் உங்களோடு வாசலில் நின்றவன் இல்லை; நீங்கள் இருக்கிறீர்கள். எதிர்வீட்டில் இருப்பவர் அன்றைக்குத் துவக்கோடு ஆலைப் பக்கம் நின்றவர். ஞாயிற்றுக்கிழமை இரண்டு பேரும் ஒரே தேவாலயத்தில், ஒரே வாங்கில். உங்கள் மகனும் அவர் மகளும் ஒரே பள்ளிக்கூடம். இந்த ஊரில் வாழ வேண்டுமென்றால் அதைப் பற்றிக் கதைக்கக்கூடாது. பிள்ளையிடமும் சொல்லக்கூடாது, பிள்ளை வெளியே போய் வாய்விட்டால் வேலை போகும்.

எந்த நெருக்கம் 4 இலட்சம் பேரை ஒரே நேரத்தில் எழும்ப வைத்ததோ, அதே நெருக்கம்தான் பிறகு வாயையும் மூடவைத்தது. நகரத்தில் தோற்றுப்போனவன் வேறு தெருவுக்குப் போய்த் தன் கதையைச் சொல்லலாம். இங்கே தெருவும் முதலாளியுடையது.

அந்த மௌனத்துக்கு ஒரு விளைவு இருந்தது. அடுத்து வந்த தலைமுறைகளுக்கு ஒரு பாடம் சொல்லிக்கொடுக்கப்பட்டது: ‘தெற்கத்தி ஆட்களுக்குச் சங்கம் சரிவராது. அவர்கள் சுபாவமே அப்படி.’ முதலாளிகள் சொன்னார்கள், பத்திரிகைகள் எழுதின, வடக்கிலிருந்து வந்த சங்கக்காரரும் சிலவேளை அதையே நம்பினார்கள். தெற்கு இன்றைக்கும் சங்கங்கள் மிகக் குறைந்த பகுதி என்பது உண்மைதான். ஆனால் அது சுபாவம் அல்ல. இறங்கியவர்களுக்கு என்ன நடந்தது என்று எல்லோரும் பார்த்தார்கள். பார்த்ததைப் பிள்ளைகளுக்குச் சொல்லவில்லை. பிள்ளைகளுக்குக் காரணம் வந்து சேரவில்லை, பயம் மட்டும் வந்து சேர்ந்தது.

திரும்பி வந்த கதைகள்

முழுக்க அழிந்துபோகவும் இல்லை. பஞ்சுத் தூசியை நாற்பது வருஷம் சுவாசித்தவர்களுக்கு மூச்சு முட்டியது. வைத்தியர்கள் ஆஸ்துமா என்றார்கள், சிகரெட் என்றார்கள். 1975 இல் ஓய்வுபெற்ற தொழிலாளர் ‘கரோலினா பிரவுண் லங் சங்கம்’ என்று ஒன்றை அமைத்தார்கள். ஆலையை விட்டாயிற்று, இனிப் பறிக்க வேலை இல்லை. அவர்கள் எழும்பி நின்று தங்கள் சுவாசப்பையைப் பற்றிச் சாட்சி சொன்னார்கள். 1978 இல் பஞ்சுத் தூசிக்கு அரசு அளவுகட்டியது. 1981 இல் உச்ச நீதிமன்றம் அதை உறுதிசெய்தது. 1973 இல் வட கரோலினாவின் ரொனோக் ராப்பிட்ஸில் கிறிஸ்டல் லீ சட்டன் என்ற பெண், வேலையிலிருந்து எடுக்கப்பட்டபோது, ‘சங்கம்’ என்று மட்டையில் எழுதி மேசைமேல் ஏறி நின்றார். ஒவ்வொருவராக இயந்திரத்தை நிறுத்தினார்கள். 1979 இல் வந்த ‘நோர்மா ரே’ படம் அவருடைய கதையை அடியொற்றியது.

ஹனி பாத் ஊரில் செத்த ஏழு பேருக்கு 1995 வரை ஒரு கல்கூட இல்லை. ஆவணப்படம் வந்த அதே வருஷம்தான் நினைவுக்கல் வைத்தார்கள். அன்று மேயராக இருந்த அந்த ஆலை மேலாளரின் பேரன் ஒரு பத்திரிகையாளர். தன் பாட்டனுக்கு அந்தச் சூட்டில் இருந்த பங்கு அவருக்கே வளர்ந்து பெரிய ஆளான பிறகுதான் தெரியவந்தது. சுடப்பட்டவர் வீட்டில் மட்டுமல்ல, சுட்டவர் பக்கத்து வீட்டிலும் கதைக்கவில்லை.

ஆலைகள் இப்போது பெரும்பாலும் இல்லை. கன்னாபொலிஸ் என்ற ஊரையே கட்டி வைத்திருந்த பழைய கனன் ஆலைகளில் 1999 இல் ஒருவாறு சங்கம் வென்றது. 2003 ஜூலையில் மூடிவிட்டார்கள். வட கரோலினாவில் மட்டும் சுமார் 4,800 பேருக்கு ஒரே நாளில் வேலை போனது. லோரே ஆலை இன்று அடுக்குமாடி வீடுகள். துணி வேலை கடல் கடந்து போனது. அதில் ஒரு பங்கு 1978 இல் தொடங்கிய கட்டுநாயக்க வலயத்துக்கும் வந்தது. எங்கள் அக்காமார் போர்டிங் அறைகளில் இருந்து தைத்த உடுப்புகளும் அமெரிக்கக் கடைகளில் தொங்குகின்றன. ஆகவே அந்தக் கதை எங்களுக்கு அவ்வளவு தூரமும் இல்லை.

1980 ஜூலையில் இலங்கையில் பொது வேலைநிறுத்தம் நடந்தது. மாதத்துக்கு 300 ரூபா சம்பள உயர்வு கேட்டார்கள். அரசாங்கம் சுமார் 40,000 பேரைப் பதவியை விட்டு விலகியவர்களாகக் கருதி வீட்டுக்கு அனுப்பியது. பாடப்புத்தகத்தில் நாங்கள் இதைப் படிக்கவில்லை. பிறகு 83 வந்தது, போர் வந்தது; அந்த இழப்புகளுக்கு முன்னால் இது சின்னதாகப் போய், சொல்ல ஆளில்லாமல் போனது.

கட்டுரையின் தொடக்கத்தில் சொன்ன நண்பன் விடுமுறைக்கு ஊருக்குப் போனபோது அப்பப்பாவிடம் கேட்டான். அவர் ஓர் அரச அலுவலகத்தில் லிகிதராக இருந்தவர். முதலில் ஒன்றும் சொல்லவில்லை. “அதெல்லாம் ஏன் இப்ப” என்று எழும்பிப் போய்விட்டார். அடுத்த நாள் காலமை, இவன் தேத்தண்ணி குடித்துக்கொண்டிருக்கும்போது, மடித்து மடித்து மடிப்பில் கிழிந்துபோன ஒரு கடிதத்தைக் கொண்டுவந்து மேசையில் வைத்தார். நாற்பது வருஷத்துக்கு மேலாக அப்பம்மாவுக்கும் தெரியாமல் ட்ரங்குப் பெட்டிக்குள் இருந்திருக்கிறது.

“முந்நூறு ரூபாதான் கேட்டனாங்கள்” என்று சொல்லியிருக்கிறார். பிறகு தன்னோடு வெளியே வந்தவர்களின் பெயர்களை ஒவ்வொன்றாகச் சொல்லத் தொடங்கியிருக்கிறார். சிங்களப் பெயர்கள்தான் கூட. நண்பன் ஃபோனில் பதிவு செய்ததில் நாற்பது நிமிஷம் இருக்கிறது.

நாங்கள் அதை எழுத்தாக்கிக்கொண்டிருக்கிறோம். உங்கள் வீட்டிலும் இப்படி ஒருவர் இருந்தால், இந்த விடுமுறையில் கேட்டுப் பாருங்கள். முதல் நாள் சொல்லமாட்டார்கள். அடுத்த நாளும் வீட்டில் நில்லுங்கள்.